பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன்

ரங்கூனில் காலை ஏழு மணிக்கு ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கடை திறந்ததும் அதற்குப் புது பேட்டரி வாங்கிவிடுவார்கள். தெருவில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது அதைத்தான்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." பக்கத்து வீட்டு பர்மாக்காரரும் அதையே சொல்வார், எதிர்வீட்டு நம்ம ஆளும் அதையே சொல்வார். புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பும், எல்லாருக்கும் நிம்மதி. சில மாதம் கழித்து அதே வண்டி அதே இடத்தில் மறுபடி நிற்கும்போது, "இப்ப வர்ற பேட்டரி எல்லாம் டூப்ளிகேட்" என்று பேச்சு மாறும்.

என் தாய்மாமாவுக்கு இங்கே ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பழக்கம், இன்றைக்குப் பருப்பு மண்டி வேலைக்கு நடுவிலும் விடவில்லை. அங்கே நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் ஒன்று உண்டு. கிளம்பாத வண்டியில் பேட்டரி செத்திருக்கலாம். ஆனால் உண்மையிலேயே செத்ததா, செத்தது என்றால் எதனால் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நல்ல பேட்டரியின் விலை இன்று ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைத் தொடுகிறது. அந்தப் பணத்தை எடுத்து நீட்டும் முன் கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால், பல வீடுகளில் அந்தப் பணம் மிஞ்சும். மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பட்டறைக்குப் போன் வந்தால் மாமா கேட்கும் முதல் கேள்வி, "சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது?" பலருக்குப் பதில் தெரியாது. "ஒண்ணும் வரல மாமா" என்பார்கள். "போனை டேஷ்போர்டுல வச்சுட்டு இன்னொரு தரம் திருப்பு" என்பார். போனிலேயே கேட்கும்: 'டக்டக்டக்டக்' என்று வேகமான ஒரு படபடப்பு. ஒண்ணும் வரவில்லை என்று சொன்னவர் இஞ்சின் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தார், அதனால் இந்தச் சத்தம் அவர் காதில் ஏறவே இல்லை.

அந்தப் படபடப்பு என்ன சொல்கிறது? இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் தலையில் இருக்கும் சோலினாய்டு என்கிற காந்த சுவிட்ச், கரண்ட் கிடைத்ததும் உள்ளே இழுக்கிறது. இழுத்த உடனே மோட்டார் ஏராளமான கரண்டைக் கேட்கிறது. அந்த நொடியில் வோல்டேஜ் சரிகிறது, சோலினாய்டு பிடியை விடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்ப இழுக்கிறது. கரண்ட் பற்றாமல் வருகிற சத்தம் அது. பற்றாமைக்குப் பேட்டரி காலியாக இருப்பது ஒரு காரணம். பேட்டரி நிறைய இருந்தும் கரண்ட் வழியில் மாட்டிக்கொள்வது இன்னொரு காரணம். சத்தம் இரண்டுக்கும் ஒன்றே. நம் ஆட்கள் காசை விடும் இடம் இங்கேதான்.

"லைட் நல்லா எரியுதே, ஹாரன் அடிக்குதே, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். ஹெட்லைட் பல்பு ஒன்று 55 வாட். 12 வோல்ட்டில் அது ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. சின்ன பெட்ரோல் இஞ்சினைச் சுற்றவே செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டீசல் என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் போகும். ஐந்து ஆம்பியர் போகிற வழியில் நூற்றைம்பது ஆம்பியரும் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பேட்டரியில் கேபிள் மாட்டும் டெர்மினலில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே போதும், 150 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். லைட்டுக்கு அது உறைக்காது, செல்ஃப் படுத்துவிடும்.

பெகு பக்கத்திலிருந்து ஒரு டொயோட்டா ப்ரோபாக்ஸ் வந்தது. தெரிந்த குடும்பம், நெல்லும் உளுந்தும் போடுகிறவர். ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது என்று மாமாவிடம் நொந்துபோய்ச் சொன்னார். "அண்ணே, மூணாவது வாங்கக் கையில காசில்ல, நீங்களே ஒரு வழி சொல்லுங்க." மாமா பேட்டரியின் பக்கமே போகவில்லை. பிளஸ் டெர்மினலைப் பிடித்து லேசாக ஆட்டினார். ஆடியது. கழற்றினால், உள்ளே பால் டப்பாத் தகடு. டீக்கடையில் டீக்கு ஊற்றுகிற கெட்டிப்பால் டப்பாவை வெட்டி, மடித்து, கேபிள் முனையின் கிளாம்புக்கும் பேட்டரியின் ஈயக் கொம்புக்கும் நடுவில் செருகியிருந்தார்கள். தகடு துருப்பிடித்துக் கறுத்திருந்தது. கொம்பைச் சுற்றி வெள்ளைப் பொடி, கேபிள் தொடங்கும் இடத்தில் மயில்துத்தம் மாதிரி பச்சை நீலம். மாதிரி என்ன, அது மயில்துத்தமேதான். பேட்டரி ஆசிட் கேபிளின் செம்பைத் தின்றால் உண்டாவது அந்த உப்பு. ஈயத்தைத் தின்றால் வெள்ளை.

தகடு அங்கே வந்த கதை இது. ஜப்பான் பேட்டரியின் மேல் 46பி24எல் என்று ஓர் எண் இருக்கும். முதல் எண் திறன். 'பி' அகல உயர அளவு. 24 என்பது நீளம், சென்டிமீட்டரில். 'எல்' அல்லது 'ஆர்', பிளஸ் கொம்பு எந்தப் பக்கம் என்பது. கடைசியில் ஒரு 'எஸ்' சேர்ந்திருந்தால் கொம்பு தடிமன், இல்லாவிட்டால் மெலிசு. அந்த வண்டி மெலிந்த கொம்புக்காகச் செய்தது. முதல் தடவை மாற்றியபோது கடையில் கிடைத்தது தடித்த கொம்பு. கிளாம்பு நுழையவில்லை என்று ஒரிஜினல் கிளாம்பையே வெட்டிப் போட்டுவிட்டு, பெரிய கிளாம்பு மாட்டிவிட்டார்கள். அடுத்த தடவை வந்த பேட்டரியில் கொம்பு மெலிசு. பெரிய கிளாம்பு லொடலொடவென்று ஆட, அந்த இடைவெளிக்குத்தான் பால் டப்பா. பேட்டரி இரண்டும் நல்ல பேட்டரிகள். அவற்றால் கரண்டை வெளியே கொடுக்கவும் முடியவில்லை, இஞ்சின் ஓடும்போது சார்ஜ் போடுகிற ஆல்டர்னேட்டர் திருப்பி அனுப்பியதை முழுசாக வாங்கவும் முடியவில்லை. அரைப் பட்டினியில் கிடந்தே முடிந்துபோயின.

அதனால் சொல்கிறேன், பேட்டரி வாங்கும்போது அந்த எண்ணை ஓர் எழுத்து விடாமல் பொருத்திப் பாருங்கள். 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' வந்தால் கேபிள் எட்டாது. இழுத்து எட்ட வைப்பார்கள், பிளஸ் கொம்பு பானெட்டுக்கு நேர் கீழே வந்து நிற்கும். ஒரு குழியில் வண்டி குதித்தால் தீப்பொறி பறக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. விலை அதிகமில்லை. ராத்திரி நிறுத்திய வண்டியில், காலையில் எதையும் போடும் முன் பேட்டரிக் கொம்புகளில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் என்பது நிறைவு, 12.2 என்பது பாதி, 11.9 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நல்ல பேட்டரி செல்ஃப் சுற்றும்போதும் பத்துக்கு மேலே நிற்கும். ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது சார்ஜ் இல்லை. சார்ஜ் செய்து பார்த்துவிட்டுத்தான் அதை ஒதுக்க வேண்டும்.

மீட்டர் பத்தரையில் நிற்கிறது, செல்ஃப் மட்டும் படபடக்கிறது என்றால் கரண்ட் வழியில் தொலைகிறது. மாமா செய்வது இதுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரிக் கொம்பின் ஈயத்தின் மேலேயே வைப்பார், இன்னொரு முனையை அதே கொம்பைக் கவ்விய கிளாம்பின் மேல். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்கள், நடுவில் வோல்டேஜ் இருக்கவே கூடாது. சாவியைத் திருப்பச் சொல்வார். அந்த ப்ரோபாக்ஸில் முள் ஒன்றரை வோல்ட்டைத் தாண்டியது. கூட நின்ற வண்டிக்காரருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். இதே மாதிரி மைனஸ் கொம்புக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவில் பார்க்க வேண்டும். அங்கே 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இஞ்சினை மைனஸோடு இணைக்கும் எர்த் பட்டை துருவேறியிருக்கிறது. அந்தப் பட்டையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில், வண்டிக்கு அடியில் திறந்து கிடக்கும் ஒரு பின்னல் செம்புப் பட்டை எத்தனை வருஷம் தாங்கும்?

சுத்தம் செய்ய ஆப்பசோடா கரைத்த வெந்நீர் போதும், நுரைத்துக்கொண்டு எல்லாம் கழன்று வரும். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடித் துளைக்குள் இறங்கக் கூடாது. உப்புத்தாளால் கொம்பையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் அல்லது கிரீஸ். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் ஒரு பையன் கையில் இருக்கும் தழும்பு சொல்லும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சரி, பேட்டரி உண்மையிலேயே செத்தும் போகிறதே, அது ஏன்? இதில் நம் ஊர் வாழ்க்கை முழுக்கக் கலந்திருக்கிறது.

மின்சாரம் முறை வைத்து வருகிறது. வந்த நேரம் தண்ணீர் ஏற்றுவதா, சோறு வடிப்பதா, போனுக்குச் சார்ஜ் போடுவதா என்று பெண்கள் ஓடுகிறார்கள். இருட்டில் பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து எல்இடி பல்பும் சின்ன மின்விசிறியும் ஓட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். கிராமங்களில் இது புதுசே இல்லை. கம்பி வராத ஊர்களில் பேட்டரியைச் சார்ஜ் கடைக்குத் தூக்கிப்போய் வந்து விளக்கு எரித்தவர்கள்தான் நம் பெரியவர்கள். அந்த வீடுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி பேட்டரியின் உள்ளே ஈயத் தகடுகள் மெலிசாக, நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்பிக்கொள்வதற்காக அது செய்யப்பட்டது. மணிக்கணக்காக மெல்ல வடித்துக் காலி செய்தால் அந்த மெலிந்த தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். சில தடவை அடிவரை காலி செய்தாலே அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் விற்கிற பேட்டரியில் தகடு தடிமனாக இருக்கும். வீட்டுக்கு அது, வண்டிக்கு இது. ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில், வண்டி பேட்டரியில் விளக்கு எரித்தே ஆக வேண்டுமென்றால், 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மீட்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அந்த எண் வந்ததும் பல்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று நெரிசல். லான்மடோவிலிருந்து பயின்னவுங் சந்தைக்குப் போகிற வண்டி பாதி நேரம் நின்றுகொண்டேதான் இருக்கும். ஏசி, வைப்பர், லைட், போன் சார்ஜர் எல்லாம் ஓடும். இஞ்சின் சும்மா நின்று ஓடும் வேகத்தில் ஆல்டர்னேட்டரால் தன் முழுத் திறனையும் கொடுக்க முடியாது. காலையில் செல்ஃப் எடுத்த கரண்டே சில நாள் திரும்ப நிரம்புவதில்லை. இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நிற்கிறது என்றால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்காமல் புது பேட்டரி போடுவது வீண்.

வெயிலும் கணக்கில் உண்டு. குளிர்நாட்டில் குளிரால் பேட்டரி படுக்கும் என்பார்கள். நமக்கு ஏப்ரல் மாத வெயில்தான் எதிரி. சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றும், தகடுகள் சீக்கிரம் அரிக்கும். மூடி கழற்றுகிற பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், தகடு தெரியக் கூடாது. குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம்.

அதே ஏப்ரலில்தான் திஞ்ஞான். தண்ணீர்த் திருவிழா நாள்களில் ஒரு பக்கம் வண்டிகள் அசையாமல் நிற்கும், இன்னொரு பக்கம் திறந்த வண்டிகளில் ஸ்பீக்கரை அலறவிட்டு, மேலே குழாய் குழாயாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு சுற்றுவார்கள். திருவிழா முடிந்து கடைகள் திறக்கிற அன்றைக்கு மாமா பட்டறையில் நிற்க இடம் இருக்காது. நின்ற வண்டிகளுக்குச் சார்ஜ் போட்டாலே பெரும்பாலும் போதும். நனைந்த வண்டிகளில்தான் வேலை அதிகம்.

நனைந்த வண்டி என்றால் பழைய மாடல்களில் முதலில் பார்ப்பது, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர். செல்ஃப் உற்சாகமாகச் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஈரம் பனிமாதிரி படிந்திருக்கும், தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியாக வேறெங்கோ பாயும். காய்ந்த துணியால் துடைத்து, மூடியின் உள்பக்கம் மயிரிழை மாதிரி கரிக்கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடு இருந்தால் அந்த மூடி இனி ஆகாது, எத்தனை முறை துடைத்தாலும் அடுத்த மழையில் நிற்கும். 2000-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் தீப்பொறி தரும் காயில் பிளக்குக்கு ஒன்றாகத் தனித்தனியாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அவற்றில் செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரங்கூன் எலிகளைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒயரில் ஒரு கடி போதும்.

பல தடவை சுற்றிப் பார்த்து பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் பிளக் நனைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலானவை அப்போது பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும், பிளக் காயும். எப்படி அடித்தாலும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது விட்டு அடுத்தது. செல்ஃப் மோட்டார் சூட்டில் வெந்துபோகும்.

இனி சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து யாரும் தள்ளிவிடாதீர்கள். ஆற்றில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பிடித்தால் நகரத்துத் தெருக்களில் தண்ணீர் வடியாது. முழங்கால் தண்ணீரில் போகும்போது வண்டி நின்றுவிட்டால், செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை சும்மா நனைந்திருந்த இஞ்சின் அந்த ஒரு சாவித் திருப்பலில் குப்பையாகும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் வந்து எல்லா பிளக்கையும் கழற்றி, தண்ணீர் பீய்ச்சி வெளியேறும்வரை சுற்றிய பிறகுதான் ஸ்டார்ட்.

தெருவில் நின்ற வண்டிக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. 1970 டிசம்பரில் போக்குவரத்து வலப்பக்கத்துக்கு மாறியது, ஜப்பான் வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. அதனால் ஓட்டுகிறவரின் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். இடப்பக்கத்தில் உட்கார்ந்தவரைத்தான் அவசரமாக இறங்க விடக் கூடாது, அவர் கால் வைப்பது ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில்.

படபடப்பு இல்லாமல் 'டக்' என்று ஒரே ஒரு அழுத்தமான சத்தம் வந்து அடங்கினால் கதை வேறு. அப்போது உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கவே இல்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. பழைய ஹைலக்ஸ் சர்ஃப் டீசல்களில் இது அடிக்கடி வரும். சோலினாய்டின் பின்மூடியில் மூன்று போல்ட். திறந்தால் உள்ளே ஒரு செம்பு வட்டும், அது வந்து முட்டுவதற்கு இரண்டு செம்புத் துண்டுகளும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்த முட்டலில் கொஞ்சம் செம்பு பொரிந்து போகும். இரண்டு துண்டும் ஒரே சீராகத் தேயாது, ஒன்று பள்ளமாகிவிடும். அப்புறம் வட்டு ஒரு பக்கம்தான் தொடும். ஒரு நாள் பத்துத் தரம் திருப்பினால் ஒரு தரம் பிடிக்கும், அடுத்த நாள் உடனே பிடிக்கும். செல்ஃபையே முழுசாக மாற்றச் சொல்வார்கள். மாற்ற வேண்டியது அந்த இரண்டு செம்புத் துண்டுகள். வட்டும் தேய்ந்திருந்தால் அதையும். மாமா தேய்ந்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், நம்பாத வண்டிக்காரர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்காக.

எந்தச் சத்தமுமே இல்லையா? கியரை 'பி'யிலிருந்து 'என்'னுக்குத் தள்ளிப் பாருங்கள், ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருந்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச் தேய்ந்துபோயிருக்கும். பட்டன் ஸ்டார்ட் டொயோட்டா என்றால், டேஷ்போர்டில் ஜப்பான் எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வரும், யாருக்கும் படிக்கத் தெரியாது. பெரும்பாலும் அது சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதாக இருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியில் டொயோட்டா முத்திரை இருக்கும் பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வையுங்கள். 'பீப்' என்றதும் அமுக்கினால் கிளம்பிவிடும்.

ஜம்பர் கேபிள் போடுவதில் வரிசை முக்கியம். சிவப்பு முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், மறுமுனையை படுத்த வண்டியின் இஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும், பேட்டரியில் அல்ல. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், கடைசித் தொடுப்பில் தீப்பொறி பறப்பது அதற்குப் பக்கத்தில் நடக்கக் கூடாது. சிவப்பும் கறுப்பும் மாறினால் மெயின் ஃபியூஸும் ஆல்டர்னேட்டரின் டையோடும் போகும். இருட்டில் டார்ச் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

போன மாதம் வந்த வண்டியைச் சொல்லி முடிக்கிறேன். அதுவும் ப்ரோபாக்ஸ், டாக்ஸி. ஓட்டுகிறவர் நடுவயது பர்மாக்காரர். காலையில் ஒரே திருப்பில் கிளம்புமாம். மத்தியானம் சவாரி இறக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறப்போட்டால் தானே கிளம்பும். பேட்டரி மாற்றியாகிவிட்டது, பிளக் மாற்றியாகிவிட்டது, பெட்ரோல் பம்பும் மாற்றியாகிவிட்டது. "சயா (ஐயா), இதுக்கு மேல மாத்த என்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார்.

மாமா அவரை டீக்கடைக்கு அனுப்பாமல் வண்டியைச் சூடாகும்வரை ஓட்டி வரச் சொன்னார். வந்து அணைத்தார், திரும்பப் பிடிக்கவில்லை. மாமா துணி ஒன்றைத் தண்ணீரில் பிழிந்து, இஞ்சின் முன்பக்கம் கீழே, கிராங்க் சென்சார் இருக்கும் இடத்தில் கையைவிட்டு ஒத்தி ஒத்தி எடுத்தார். சில நிமிடம் போயிருக்கும். "இப்ப அடி" என்றார். உடனே பிடித்தது. இஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த சென்சார். உள்ளே நூலிழைக் கம்பிச் சுற்று ஒன்று இருக்கிறது. அது விட்டுப்போனால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் மறுபடி ஒட்டும். தொடர்பு இல்லாதபோது கம்ப்யூட்டர் தீப்பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது.

ஜப்பானில் உடைத்த வண்டியிலிருந்து வந்த பழைய சென்சார் ஒன்று கடையில் கிடைத்தது. ஒரே ஒரு போல்ட், ஒரு சாக்கெட். மாட்டியதும், டாக்ஸிக்காரர் நல்ல உச்சி வெயிலில் ஒரு சுற்று ஓட்டி வந்து அணைத்து அடித்தார், பிடித்தது. நம்பாமல் மறுபடி அணைத்து அடித்தார், அதுவும் பிடித்தது. மூன்றாம் தடவைக்குச் சாவியில் கை வைத்தபோது மாமா போதும் என்று கையைக் காட்டிவிட்டார். பெட்ரோல் விற்கிற விலைக்கு அவர் அடுத்த சவாரியை ஏற்றட்டும் என்று.